கடையில் பாட்டு ஓடட்டுமா, நிறுத்தட்டுமா? அச்சு வேலை பார்ப்பவனின் கேள்வி

எழுத்துக்கோர்ப்பவன் | ஜூன் 9, இரவு 9:42

வணக்கம் மக்களே. தெப்பக்குளம் பக்கம் ஒரு சின்ன அச்சுக்கடையில் பதினொரு வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, நினைவஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். கடையில் மூன்று பேர். நான் கணினியில். முதலாளி கல்லாவில். இன்னொரு அக்கா பின்பக்கம் பாயில் உட்கார்ந்து பத்திரிகை மடித்து, கவரில் போட்டு, நூறு நூறாகக் கட்டுவார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போடுகிற ரேடியோ, ராத்திரி ஷட்டர் இறங்கும்போதுதான் நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான்.

போன மாதம் வைகாசி முகூர்த்த நெரிசலில் ஒரு பத்திரிகை அடித்தேன். மணப்பெண்ணின் அம்மா பெயர் மல்லிகா. அடிக்கும் நேரத்தில் ரேடியோவில் ஓடிய பாட்டில் மல்லிகை வந்தது. என் விரல் "திருமதி மல்லிகை" என்று அடித்துவிட்டது. ப்ரூஃப் எடுத்து நானே படித்தேன், கண்ணில் படவில்லை. அந்த வீட்டுக்காரர் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், பொண்ணு மாப்பிள்ளை பெயர் பார்த்து கையெழுத்துப் போட்டுவிட்டார். 600 பத்திரிகை அச்சாகி, மடித்து, கட்டியும் ஆகிவிட்டது.

கட்டை வாங்க அந்த மல்லிகா அம்மாவே வந்திருந்தார். ஒன்றைப் பிரித்து, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். சத்தம் போடவில்லை. "என் கல்யாணத்துக்குப் பத்திரிகையே அடிக்கல தம்பி. என் பேரு அச்சுல வர்றது இதான் மொத தடவ" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே 600-ஐயும் திரும்ப அடித்துக் கொடுத்தோம். ஆனாலும் அந்த விரல் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது.

முதலாளி, இனிமேல் ரேடியோவே வேண்டாம் என்றார். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம். என் வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் பின்னால் இருக்கும் அக்காவுக்குக் கை ஓடவில்லை. பொழுது நகரவில்லை, முதுகு வலிதான் தெரிகிறது என்கிறார். எப்போதும் மத்தியானத்துக்குள் முடிக்கிற கட்டு சாயங்காலம் வரை இழுத்தது.

ஒரே அறை, ஒரே பாட்டு. அவருக்கு அது சோறு மாதிரி, எனக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. என்ன செய்யலாம்? உங்கள் வேலையிடத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

இலந்தைக்குளம்_இரவுப்பணி | ஜூன் 9, இரவு 10:15

அண்ணே, நான் ஐடி பூங்காவில் இருக்கிறேன். எங்கள் தளத்தில் பத்துக்கு எட்டுப் பேர் காதில் ஹெட்போன் இருக்கும். என் அனுபவம் இதுதான்: ஏற்கெனவே தெரிந்த வேலை, ஒரே மாதிரி நூறு இடத்தில் மாற்றுகிற வேலை என்றால் பாட்டு நல்ல துணை. எங்கேயோ ஒரு பிழை ஒளிந்திருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும் என்றால், நானே அறியாமல் கை போய் பாட்டை நிறுத்தியிருக்கும். வண்டி ஓட்டும்போது தெரியாத தெருவுக்குள் நுழைந்ததும் ரேடியோவைக் குறைப்போமே, அதேதான்.

உங்களுக்கு வந்தது கவனக்குறைவு இல்லை என்று நினைக்கிறேன். வார்த்தையோடு வார்த்தை மோதியிருக்கிறது. இதைப் பற்றிப் படித்தது கொஞ்சம் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

---

முடிச்சுவீட்டுப்பெண் | ஜூன் 10, காலை 6:50

அண்ணா, உங்கள் கடை அக்கா சொல்வது முழுக்க உண்மை. எங்கள் அம்மா முப்பத்தைந்து வருஷமாக சுங்குடிக்கு முடிச்சுக் கட்டுகிறார். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம்தான் பேசுவோம், ஆனால் முடிச்சுக்குத் துணை என்றைக்கும் தமிழ்ப் பாட்டுதான்.

வெளிச்சத்துக்காக வாசல்படி ஓரம் உட்காருவார். மடியில் துணி. இடது கை நகத்தால் துளியூண்டு துணியைக் கிள்ளித் தூக்கி, வலது கையால் நூலைச் சுற்றி, ஓர் இழு. அவ்வளவுதான் ஒரு முடிச்சு. அடுத்த புள்ளி. ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் கட்டின இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்த மதுரைச் சுங்குடி இப்படித்தான் வாசல்படிகளில் பிறக்கிறது.

இந்த வேலைக்குக் கண்ணும் விரலும் போதும். மனசு சும்மா இருக்கும். சும்மா இருக்கிற மனசு கடனை நினைக்கும், அண்ணன் இன்னும் போன் பண்ணவில்லையே என்று நினைக்கும், கழுத்து வலியை நினைக்கும். பாட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அம்மா நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து நான் கண்டதில்லை. "தேன்கிண்ணம் முடியுறதுக்குள்ள இந்த வரிசைய முடிச்சிரலாம்" என்பார். மின்சாரம் நின்றால் கூட ஓட வேண்டும் என்று பேட்டரி ரேடியோதான் வைத்திருக்கிறார். அதில் கோடைப் பண்பலை 100.5-ல் முள்ளை வைத்தால் பிறகு யாரும் தொடக்கூடாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துணியை மடித்து, எந்த இடத்தில் எத்தனை புள்ளி என்று குறி வைக்கும்போது அம்மாவே ரேடியோவைக் குறைத்துவிடுவார். எண்ணிக்கை வந்தால் பாட்டு ஆகாது. யாரும் அவருக்கு ஆராய்ச்சி சொல்லித் தரவில்லை.

---

வைகைக்கரை_வாத்தியார் | ஜூன் 10, காலை 8:05

தம்பி, வேலையும் பாட்டும் நம் ஊரில் நேற்று சேர்ந்தவை அல்ல. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு வருகிறது. வள்ளை என்றால் உலக்கைப் பாட்டு. அதில் மதுரைப் பெண்களே வருகிறார்கள். பவள உலக்கையால் முத்தைக் குற்றிக்கொண்டு பாண்டியனின் மீன்கொடியைப் பாடுவதாக இளங்கோ பாடுகிறார். பவளமும் முத்தும் கவிஞரின் அழகு. ஆனால் குற்றும்போது பாடினார்கள் என்பது நம் பாட்டிகள் வரை நேரில் பார்த்தது. அதே நூலின் நாடுகாண் காதையில் ஏர் பூட்டும் இடத்தில் ஏர்மங்கலம், களத்தில் நெல் முகக்கும் இடத்தில் முகவைப்பாட்டு என்று வேலைக்கு ஒரு பாட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது.

என் சிறுவயதில் சோழவந்தான் பக்கத்து வயல்களில் நடவுப்பாட்டு கேட்டு வளர்ந்தேன். முன்பாட்டுக்காரி ஓரடி எடுப்பார், வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள், கை நாற்றை ஊன்றும். நடுவில் யாராவது பின்தங்கினால் அந்தப் பாட்டிலேயே அவருக்கு ஒரு குத்தல் வரும். ஏற்றப்பாட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது கணக்குப் பிள்ளை. எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டு அடியே எண்ணிக்கொண்டு போகும். வேறு கணக்கு தேவையில்லை.

உங்கள் சிக்கலுக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டெல்லாம் வேலை செய்கிறவர் வாயிலிருந்தே வந்தது. உலக்கை தூக்கும் நேரத்துக்கு ஏற்ப அடி நீண்டது, மூச்சு வாங்கினால் பாட்டும் நின்றது. வேலைதான் பாட்டை நடத்தியது. ரேடியோவுக்கு உங்கள் கை இப்போது எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் பெயர் அடிக்கிறீர்களா, கோடு போடுகிறீர்களா என்று பார்த்து அது பாடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். நான் அறிந்த தொழிற்பாட்டுகள் உழவு, நடவு, இறைப்பு, இடிப்பு, வண்டியோட்டம் எல்லாம் உடல் வேலைக்கானவை. ஏடு எழுதுகிறவருக்கு என்று ஒரு தொழிற்பாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை.

---

எழுத்துக்கோர்ப்பவன் | ஜூன் 10, மதியம் 1:30

ஐயா, கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். நான் ஏடு எழுதுகிறவன், அக்கா நெல் குற்றுகிறவர். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரையும் உட்கார வைத்திருக்கிறோம். இப்போதுதான் எனக்கே பிடிபடுகிறது.

---

ஊசிநூல் | ஜூன் 10, இரவு 8:20

தையல்காரன் பேசுகிறேன். அப்பா காலத்திலிருந்து புதுமண்டபத்தில் தைத்தோம், இப்போது கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துவிட்டன. கல்தூண்களுக்கு நடுவே பத்து இருபது மிஷின் ஓடும் இடத்தில் யார் ரேடியோ என்றே தெரியாது, எல்லாருக்கும் ஒரே பாட்டு ஓடும்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தைக்கும்போது பாட்டு, வெட்டும்போது மௌனம். தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். வெட்டின துணி ஒட்டாது. என் அப்பா கத்தரியைக் கையில் எடுத்தால் பக்கத்துக் கடைக்காரர் கூட சத்தத்தைக் குறைத்துவிடுவார். யாரும் கேட்க வேண்டியதில்லை, கத்தரியைப் பார்த்தாலே போதும். அளவு எழுதும்போதும் அப்படித்தான். பதினாலரை என்று சொல்லி பதினாறரை என்று எழுதினால் ரவிக்கை போச்சு.

உங்கள் கடையில் கத்தரி எது என்று பாருங்கள். எனக்குத் தோன்றுவது, அடிப்பது தையல், ப்ரூஃப் படிப்பது கத்தரி.

---

நத்தம்ரோடு_வாசகி | ஜூன் 10, இரவு 10:40

குரூப் 2-க்குப் படிக்கிறேன். தினமும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான். 2023 ஜூலையில் திறந்த நாளிலிருந்து போகிறேன், அங்கே இருக்கிற அமைதி எங்கள் வீட்டில் கிடைக்காது. ஆனால் அந்த அமைதியிலும் பாதிப் பேர் காதில் இயர்போனோடுதான் படிக்கிறார்கள். மொஸார்ட் இசை கேட்டுப் படித்தால் மூளை கூர்மையாகும், மார்க் கூடும் என்று என் தோழி உறுதியாகச் சொல்கிறாள். யூடியூபில் மூன்று மணி நேரப் படிப்பு இசை என்று நிறைய இருக்கிறது. இதெல்லாம் நம்பலாமா? பரீட்சைக்கு நூறு நாள்தான் இருக்கிறது, தப்பான பழக்கம் பிடித்துவிட வேண்டாம் என்று பயமாக இருக்கிறது.

---

இலந்தைக்குளம்_இரவுப்பணி | ஜூன் 11, அதிகாலை 2:10

தங்கச்சி, அந்த மொஸார்ட் கதை 1993-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரையிலிருந்து கிளம்பியது. அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிஷம் மொஸார்ட் போட்டார்கள். அதற்குப் பிறகு கொடுத்த காகிதம் மடிப்பது, வெட்டுவது மாதிரியான வடிவக் கணக்குகளில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். அந்தப் பலனும் பத்து, பதினைந்து நிமிஷத்தில் போய்விட்டது. படிக்கும்போது பின்னால் இசை ஓடியதே இல்லை, முதலில் கேட்டார்கள், பிறகு எழுதினார்கள். இதிலிருந்து குழந்தைக்கு அறிவு கூடும், மார்க் கூடும் என்று வியாபாரம் வளர்ந்துவிட்டது. பிறகு செய்தவர்கள், பிடித்த எதைக் கேட்டாலும் மனசு கொஞ்சம் விழித்துக்கொள்கிறது, அதுதான் காரணம் என்று விளக்கினார்கள். அதனால் படிக்க உட்காருவதற்கு முன் உனக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேள். உட்கார்ந்த பிறகு கழற்றி வை.

எழுத்து அண்ணனுக்கு நான் சொன்ன விஷயம் இது. 1976-ல் ஓர் ஆய்வு. சிலருக்கு எழுத்துகளை வரிசையாகக் காட்டி, நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பக்கத்தில் அவர்களுக்குத் தெரியாத மொழியில் ஒருவர் படிக்கும் குரல் ஓடியது. அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியும் தப்பு கூடியது. பிறகு பிரிட்டன் உளவியலாளர் ஆலன் பேடலியும் சக ஆய்வாளரும் 1989-ல் இசையை வைத்துச் செய்தபோது, குரல் உள்ள பாட்டு வெறும் வாத்திய இசையைவிட அதிகமாக இடறியது.

காரணம் இப்படிச் சொல்கிறார்கள். நாம் ஒரு சொல்லைப் படிக்கும்போதும் அடிக்கும்போதும் உள்ளுக்குள் ஒரு குரல் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. காதுக்குக் கதவு கிடையாது. வெளியிலிருந்து வரும் சொல்லும் அதே இடத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மல்லிகா என்று உள்ளே ஒலிக்க வேண்டிய நேரத்தில் மல்லிகை என்று வெளியே ஒலித்தால், முக்கால்வாசி ஒன்றாக இருக்கிற இரண்டு சொல்லில் சத்தமானது ஜெயித்துவிடும். ப்ரூஃபிலும் உங்களுக்கு அது சரியாகவே பட்டிருக்கிறது என்றால், அடித்த அதே காதோடு படித்திருக்கிறீர்கள்.

அந்த மடிப்பு அக்காவுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1940 ஜூனில், போர் நடக்கும்போது, பிபிசி தொழிற்சாலைகளுக்காகவே காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. 1967 வரை ஓடியது. தொழிலாளர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டத் தொடங்கும் பாட்டை ஒதுக்கினார்கள், ரொம்ப மெதுவாகத் தூங்கவைக்கும் பாட்டையும் ஒதுக்கினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது அந்த அரை மணிதான். நாள் முழுக்க இல்லை. அமெரிக்காவில் அலுவலகங்களுக்கு இசை விற்ற மியூசாக் நிறுவனமும் கால் மணி நேரம் இசை, கால் மணி நேரம் அமைதி என்றுதான் மாற்றி மாற்றிக் கொடுத்தது. எந்நேரமும் ஓடினால் காது அதைச் சுவராக்கிவிடும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

---

நத்தம்ரோடு_வாசகி | ஜூன் 11, காலை 7:15

நன்றி அண்ணா. சரி, பாட்டில்லாத இசை என்றால் பரவாயில்லையா? வீட்டில் கணக்குப் போடும்போது சினிமாப் பின்னணி இசை மட்டும் கேட்கிறேன்.

---

இலந்தைக்குளம்_இரவுப்பணி | ஜூன் 11, காலை 11:30

அதில் நம் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. வயலினிலோ புல்லாங்குழலிலோ ஒரு சினிமாப் பாட்டை வாசித்தால், வரி இல்லை என்று காது சொல்லும். ஆனால் மனசு தானாக வரியைப் போட்டுக்கொள்ளும். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி 1976-ல் இசையமைக்க வந்தவரின் பாட்டுகளை மாட்டுத்தாவணி டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் பிறந்ததிலிருந்து கேட்டவர்கள் நாம். முதல் நாலு சுரம் வந்தால் போதும், பல்லவி உள்ளே ஓடத் தொடங்கிவிடும். தெரிந்த படத்தின் பின்னணி இசை என்றால் காட்சியே ஓடும், அதில் யார் அழுதார் என்பது வரை.

கணக்குக்கு, உனக்குப் படமே தெரியாத இசையைப் போட்டுப் பார். எனக்கு வீணை ஒத்துவருகிறது, ஏனென்றால் எனக்குக் கீர்த்தனைகள் தெரியாது. என்னுடன் வேலை பார்க்கும் பெண் பத்து வருஷம் பாட்டுக் கற்றவர். அவருக்கு வீணை போட்டால் அடுத்த சங்கதிக்குக் காத்திருந்து வேலை நின்றுவிடுகிறது. அவர் மழைச் சத்தம் கேட்கிறார்.

---

பெரியார்நிலைய_மாடி | ஜூன் 11, மாலை 4:00

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், அதாவது முழுக்க முழுக்க வார்த்தை வேலை. நீங்கள் எல்லாரும் சொல்வதற்கு நேர் எதிராக, பாட்டு இல்லாமல் எனக்கு ஒரு பக்கம் கூட நகராது. பெரியார் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் அலுவலகம். ஏர் ஹாரன், நடத்துநர் விசில், "திருமங்கலம் திருமங்கலம்" என்ற கூப்பாடு. ஆடி மாதம் வந்தால் தெருமுனைக் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். சித்திரைத் திருவிழா நாட்களைச் சொல்லவே வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதி இருக்கிறது. பகலில் யார் கேட்பது?

இந்த ஊரில் பாட்டா அமைதியா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த சத்தமா, அடுத்தவர் என் மேல் கொட்டும் சத்தமா என்பதுதான் எனக்குக் கிடைத்த வாய்ப்பு. நான் போடும் பாட்டு எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். ஹாரன் எப்போது வரும் என்று தெரியாது. அமைதியாக இருக்கச் சொல்கிறவர்கள் முதலில் அமைதி எங்கே விற்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் இருக்கிறது.

---

முடிச்சுவீட்டுப்பெண் | ஜூன் 11, மாலை 5:25

அக்கா, நீங்கள் மொழிபெயர்க்கும்போது என்ன பாட்டுப் போடுவீர்கள்? தமிழ்ப் பாட்டா?

---

பெரியார்நிலைய_மாடி | ஜூன் 11, மாலை 5:50

நல்ல கேள்விம்மா. யோசித்துப் பார்த்தால், ஒரே ஒரு நாதஸ்வரக் கச்சேரிதான். ஏழு வருஷமாக அதே ஒன்று. தமிழ்ப் பாட்டு போட்டதில்லை. நான் கேட்கிறேன் என்றே தோன்றாது, ஹாரனுக்கு முன்னால் திரை போட்ட மாதிரி இருக்கும். வார்த்தை உள்ளது எதையும் நானும் உள்ளே விடவில்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிகிறது.

---

செல்லூர்_தறி | ஜூன் 12, இரவு 9:00

எல்லாரும் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காதைப் பற்றிப் பேச வந்தேன்.

செல்லூரில் விசைத்தறியில் 22 வருஷம். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் வாய் அசைவைப் பார்த்துத்தான் பேச்சு. எனக்குப் பாட்டு என்றால் உயிர். முதலில் கூடத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்தோம், தறிச் சத்தத்தில் கேட்காது. அப்புறம் போன் வந்தது, இயர்போன் வந்தது. தறியை மீறிக் கேட்க வேண்டுமே, அதனால் சத்தத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் வைத்து, ஷிப்ட் முழுக்கக் கேட்டேன். வேலை அலுப்பே தெரியாமல் போனது உண்மை. எத்தனையோ துண்டு, எத்தனையோ லுங்கி அந்தப் பாட்டோடு நெய்தேன்.

இப்போது வீட்டில் மின்விசிறியை நிறுத்தினால் காதுக்குள் வண்டு கத்துகிறது. நிற்பதே இல்லை. என் பேத்திக்கு மூன்று வயது. மழலைக் குரல் மெல்லிசாக இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை. அவள் சொல்வதை என் மனைவி எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். பாட்டை விரும்பினவனுக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது. இளம் பிள்ளைகள் சத்தத்தைக் குறையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

---

கேள்திறன் | ஜூன் 12, இரவு 10:30

அண்ணே, படிக்கவே மனசு கனக்கிறது. செவித்திறன் பரிசோதனை செய்வதுதான் என் வேலை, உங்களைப் போல வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் எல்லை என்று அமெரிக்கத் தொழில் நல நிறுவனம் வகுத்திருக்கிறது. அதற்கு மேல் மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டே மணி. பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். விசைத்தறிக் கூடம் பெரும்பாலும் 90-ஐத் தாண்டும். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் காதுக்குள் அதைவிடக் கூடுதலாகப் போகிறது. தறி ஒரு பங்கு அடிக்கிறது என்றால் பாட்டு இன்னொரு பங்கு அடிக்கிறது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி: கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85-ஐ எட்டிவிட்டது. அங்கே காதுக்குப் போக வேண்டியது அடைப்பான், பாட்டு இல்லை. உள்காதில் செத்த மயிரணுக்கள் திரும்ப முளைக்காது. ஆனால் காதுக்கருவி உண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு தடவை போய்க் கேளுங்கள். சரியான கருவி வைத்தால் பேத்தியின் குரல் பிடிபட நல்ல வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப் போடாதீர்கள். கேட்காமல் விட்ட சொற்களைப் பிரித்தறியும் பழக்கமும் நாளாக ஆக மங்கும்.

---

செல்லூர்_தறி | ஜூன் 12, இரவு 10:55

திங்கள்கிழமை போகிறேன்ம்மா.

---

எழுத்துக்கோர்ப்பவன் | ஜூலை 4, இரவு 9:30

மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஊசிநூல் அண்ணன் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் சொன்னேன், கடையில் கத்தரி எது என்று. உட்கார்ந்து பேசினோம். பெயர், தேதி, நேரம், ஊர் அடிப்பது கத்தரி. ப்ரூஃப் படிப்பது பெரிய கத்தரி. பக்க அமைப்பு, பார்டர் வைப்பது, பிள்ளையார் படம் பொருத்துவது, போஸ்டருக்கு வண்ணம் கொடுப்பது எல்லாம் தையல். அதற்குப் பாட்டு இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான், அதில் கை நன்றாகவே ஓடுகிறது.

பெரிய ரேடியோவை எடுத்துவிட்டோம். அக்காவுக்குப் பின்னறையில் ஒரு சின்ன ரேடியோ, நடுவில் பேப்பர் பண்டல்களைச் சுவர் போல அடுக்கினோம். முதல் நாள் அவர் எனக்காக ரொம்பவே குறைத்து வைத்தார். கேட்காத அளவுக்குக் குறைத்தால் அவருக்கும் பயன் இல்லை, எனக்கும் பாதிச் சொல் காதில் விழுந்து என்ன பாட்டு என்று மனசு தேடப் போய்விடுகிறது. அரைகுறையாகக் கேட்பது முழுசாகக் கேட்பதைவிட மோசம், இது நானே கண்டது. பாட்டைவிட நடுவில் வரும் பேச்சும் விளம்பரமும்தான் இன்னும் இழுக்கிறது. அதனால் காலையில் பத்தரையிலிருந்து ஒரு மணி வரை நான் ப்ரூஃபும் பெயர்களும் மட்டும் பார்க்கிறேன், அந்த நேரத்தில் அக்கா கவர் ஒட்டவும் வெளியே கட்டுக் கொடுக்கவும் போகிறார். சாப்பிட்ட பிறகு பாட்டு. நாலு மணிக்கு டீ வரும்போது அரை மணி நிறுத்தம், அந்த பிபிசி கணக்கைப் பார்த்துச் செய்தது. திரும்பப் போடும்போது அக்கா முகம் மலர்வதை நான் கவனித்திருக்கிறேன். நாள் முழுக்க ஓடியபோது அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

இன்னொரு மாற்றம். ப்ரூஃபை இப்போது வாய்விட்டுப் படிக்கிறேன். நான் படிக்க, முதலாளி கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் "ம்" சொல்கிறார். வாத்தியார் ஐயா சொன்ன முன்பாட்டு, பின்பாட்டு மாதிரியே இருக்கிறது. மூன்று வாரத்தில் திரும்ப அடிக்க வேண்டி வந்தது ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் என்பது குறைவு, ஆவணி முகூர்த்தம் தாண்டினால்தான் சொல்ல முடியும்.

---

வைகைக்கரை_வாத்தியார் | ஜூலை 5, காலை 7:40

ஏடு எழுதுகிறவருக்குத் தொழிற்பாட்டு கேள்விப்பட்டதில்லை என்று எழுதியிருந்தேன். ஒருவர் படிக்க ஒருவர் கேட்டுச் சரிபார்ப்பது பழைய பதிப்பாசிரியர்கள் கைக்கொண்ட முறை. அதைத் தொழிற்பாட்டோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. மகிழ்ச்சி தம்பி.

---

செல்லூர்_தறி | ஜூலை 6, இரவு 8:15

போய் வந்தேன். பரிசோதனை எடுத்தார்கள், வலது காதில் மீதம் நன்றாக இருக்கிறதாம். கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தறிக்கூடத்தில் இப்போது பாட்டு இல்லை, பஞ்சு அடைப்பான்தான். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சின்னச் சத்தத்தில் ஒரே ஒரு பாட்டு. பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

---

முடிச்சுவீட்டுப்பெண் | ஜூலை 6, இரவு 9:05

அந்த மல்லிகா அம்மா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக நடந்ததா அண்ணா?

---

எழுத்துக்கோர்ப்பவன் | ஜூலை 6, இரவு 9:20

நடந்தது. நானும் போயிருந்தேன். வளைகாப்புக்கும் நம் கடையிலேயே அடிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.